பின் அட்டையில் சிரிக்கும் அண்ணனுக்கு

என் பாசத்துக்கும் அதைவிடக் கூடுதலான கோபத்துக்கும் உரிய அண்ணே,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதாக ஊருக்கெல்லாம் அச்சடித்துச் சொன்னவன். அந்தப் பொய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உனக்கு முதல் திதி கொடுத்து முடித்தாயிற்று, ஆனாலும் போன வாரம் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்த ஒரு புத்தகத்தின் பின் அட்டையில், தோளில் துண்டோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் பொடி டப்பா. கீழே, ‘பன்னிரண்டு வருடச் சர்க்கரை, போன இடம் தெரியவில்லை' என்று சிவப்பு எழுத்து.

புத்தகத்தை எடுத்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அக்கா, அது ஆம்பளைக படிக்கிற புக்கு.”

“தெரியும். எங்கண்ணன் இருக்கான், அதான் வாங்குறேன்.”

வீட்டில் இருக்கிறாய் என்று நினைத்திருப்பார். அட்டையில் இருக்கிறாய் என்று சொல்லி, அவருடைய காலை வேளையை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

உனக்கு மட்டும் எழுதுவதாக இருந்தால் வீட்டிலேயே உன் படத்துக்கு முன்னால் நின்று திட்டித் தீர்த்திருப்பேன். தினமும் அதைத்தான் செய்கிறேன், அண்ணியைக் கேள். இது நம் பத்திரிகையில் அச்சாகப் போகிறது. உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் நீ யார், என்ன காரியம் செய்தாய் என்று முதலில் அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நடுவில் பேசாதே. வழக்கமாக நீதான் பேசுவாய், நான் டைப் அடிப்பேன். இந்த ஒரு தடவை மாறி இருக்கட்டும்.

என் அண்ணன் பெயர் சௌந்தரபாண்டி. ஆண்களுக்கென்று மதுரையில் ஒரு மாதப் பத்திரிகை நடத்தினான். “பொம்பளைகளுக்கு எம்புட்டுப் புக்கு இருக்கு. ஆம்பளைக்குன்னு ஒண்ணு இருக்கா? சட்டை எப்படிப் போடணும், தாடி எப்படி வளக்கணும்னு அவனுக்கு யாரு சொல்றது?” என்று கேட்டுக்கொண்டே ஆரம்பித்தான். புல்லட் வண்டி, வேட்டி சட்டை, ஜிம் உடம்பு, காளை வளர்க்கிற இளவட்டங்களின் பேட்டி, தலைமுடி கொட்டாமல் இருக்க யோசனை. ஒத்தக்கடையில் நான் வைத்திருக்கும் டிடிபி சென்டரில்தான் பக்கம் கட்டுவோம். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் குறைவு. மேலூரிலிருந்து திருமங்கலம் வரை ஒவ்வொரு சலூனுக்கும் அண்ணனே வண்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவான். முடி வெட்டக் காத்திருப்பவர்கள் படிப்பார்கள். ஓடியது முழுக்க விளம்பரத்தில்.

அந்த விளம்பரமும் பாதி பண்டமாற்று. பிரியாணிக் கடை விளம்பரத்துக்குப் பிரியாணி டோக்கன். ஜிம் விளம்பரத்துக்கு வருட மெம்பர்ஷிப். அந்த ஜிம்முக்குள் நீ விளம்பர வாசகம் வாங்கப் போனதைத் தவிர வேறு எதற்குப் போனாய்? செருப்புக் கடைக்காரர் கால் பக்கத்துக்கு ஒரு ஜோடி ஷூ கொடுத்தார். உன் அளவு இல்லை, இருந்த அளவைக் கொடுத்தார். “போடப் போட இளகிரும்” என்று வாங்கி வந்தாய். நானும் அண்ணியும் சிரித்தோம். அப்போது சிரிப்பதற்கு நிறைய இருந்தது.

பிறகு பொடிக்காரர் வந்தார்.

திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஷெட்டில் சர்க்கரை நோய்க்குப் பொடி தயாரிக்கிறவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. எந்தப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தால் என்ன பலன் என்று அவருக்கு இருந்த தெளிவு, பத்திரிகை நடத்திய உனக்கு இருந்ததில்லை.

“ஆம்பளைக்கு வெக்கம் சாஸ்தி சார். சுகர் இருக்குன்னு பொண்டாட்டிகிட்டயே சொல்ல மாட்டான். டிவில போட்டா குடும்பத்தோட பாப்பான், மறுபக்கம் திரும்பிக்குவான். ஒங்க புக்கு சலூன்ல கெடக்கு. அங்கன அவன் தனியா உக்காந்திருக்கான். யாருக்கும் தெரியாம நம்பரக் குறிச்சுக்கிருவான்.”

பின் அட்டை முழுப்பக்கம், மாதா மாதம், நிறுத்தாமல். நீ பூரித்துப் போனாய். பாதி ரொக்கம், பாதி டப்பா என்று பேசி முடித்தாய். டப்பாவை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டேன். யாருக்காவது கொடுக்கலாம் என்றாய்.

அவருக்குப் பலன் அடைந்த ஆளின் படம் வேண்டும். அங்கேதான் சிக்கல். நம் பக்கத்தில் எந்த ஆம்பளை தன் முகத்தைச் சர்க்கரை விளம்பரத்துக்குக் கொடுப்பான்? ஜிம்காரரைக் கேட்டாய், அடிக்காத குறை. சலூன் அண்ணாச்சி, “எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ள இருக்குய்யா, சம்பந்தம் பேச வாரவன் இதப் பாத்தா என்ன நெனப்பான்” என்று கைகூப்பிவிட்டார். மாடலுக்குக் காசு கொடுத்துப் படம் எடுக்க உனக்கு மனசு வரவில்லை. அச்சுக்குப் போக வேண்டிய நாள் வந்துவிட்டது. என் சென்டரில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நிமிர்ந்தாய்.

“வசந்தி, என் போட்டோவையே போடு. மீசை ஒண்ணு ஒட்டு. தோள்ல ஒரு துண்டு வை.”

“ஒனக்குத்தான் நெசமாவே சுகர் இருக்கேண்ணே. தெனம் ஊசி போடுறே.”

“அதான் வசதி. பாதி உண்மையாப் போச்சுல்ல.”

“மிச்சப் பாதி?”

“நீ அடி, சொல்றேன்.”

அப்படிப் பிறந்தான் மேலூர் விவசாயி கருப்பையா. உன் முகம், உனக்கு இல்லாத மீசை, உனக்கு இல்லாத நிலம். சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டுக் கேலி செய்தார்கள். “மாப்ள, மேலூர்ல எப்ப நெலம் வாங்குன?” என்று கல்யாண வீட்டில் கேட்டால், “போர் போட்டிருக்கேன் மச்சான், தண்ணி வரட்டும் சொல்றேன்” என்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். வேண்டாம் என்று நான் சொன்னது உண்மை. ‘விளம்பரத்த எவன்டி நம்புறான்' என்று நீ சொன்னதும் உண்மை.

எவன் நம்பினான் தெரியுமா? நீ நம்பினாய். அதுதான் எனக்கு இன்றைக்கு வரை ஆறவில்லை.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு பொடிக்காரர், “படத்துக்குக் கீழ நம்பர் இருந்தாத்தான் சார் ஆளு நெசம்னு நம்புவாங்க” என்றார். உன் பழைய போனில் இன்னொரு சிம் போட்டு, அந்த நம்பரைக் கருப்பையாவுக்குக் கொடுத்தாய். போன் வர ஆரம்பித்தது. மேலூர்க்காரன் மாதிரி இழுத்துப் பேசுவாய். நாலு ஏக்கர் நெல், ரெண்டு காளை, ஊசி போட்டுப் போட்டு வயிறெல்லாம் மரத்துப்போன கதை, யாரோ சொல்லிப் பொடி வாங்கின கதை, ஆடித் திருவிழாவில் ஜிலேபி தின்றுவிட்டு மறுநாள் பரிசோதித்த கதை. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய். “எப்படி? நடிக்கப் போயிருக்கணும்டி நான்.”

எந்த நாளில் கண்ணடிப்பதை நிறுத்தினாய் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. ஒரு கட்டத்தில் போனை வைத்த பிறகும் கருப்பையாவின் முகமே இருந்தது. முன்பின் தெரியாத ஆம்பளைகள், மனைவியிடம்கூடச் சொல்லாததை எல்லாம் உன்னிடம் சொன்னார்கள். கால் மரத்துப்போவது, கண் மங்குவது, படுக்கையில் முடியாமல் போவது. நீ தைரியம் சொன்னாய். தினமும் பத்துப் பேருக்கு, ‘எனக்குச் சரியாயிருச்சு, ஒங்களுக்கும் ஆயிரும்' என்று சொல்கிறவனுக்கு, தனக்கு மட்டும் சரியாகவில்லை என்று எப்படித் தோன்றும்? மூலையில் அடுக்கியிருந்த டப்பாக்களில் ஒன்றை நீயே உடைத்தாய். காலையில் வெறும் வயிற்றில் மோரில் கலந்து கொடுக்கச் சொன்னாய். அண்ணி கலந்து கொடுத்தாள். விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அந்த வாசகத்தை எழுதியதும் நீதான்.

ஊசி மருந்து ஃபிரிட்ஜ் கதவில் அப்படியே இருந்தது. கேட்டால், “இப்ப அசதியே இல்ல, நீயே பாக்குறேல்ல” என்றாய். ரத்தப் பரிசோதனைக்கு வா என்று அண்ணி கூப்பிட்டால், “சரியானவன் எதுக்குடி டெஸ்ட் எடுக்கணும்” என்று அவள் வாயை அடைத்தாய்.

பிறகு அந்த ஷூ. போடப் போட இளகவில்லை. சுண்டுவிரல் ஓரம் ஒரு கொப்புளம். உனக்கு வலி தெரியவில்லை. வலி தெரியாததை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாய். அது கறுத்து, நாற்றம் அடித்து, காய்ச்சலோடு உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் கேட்டார், ஊசியை எப்போது நிறுத்தினீர்கள் என்று. அவர் கையில் ரிப்போர்ட் இருந்தது. நீ அவர் முகத்தைப் பார்த்து, “எனக்கு இப்ப சுகர் இல்லீங்க டாக்டர்” என்றாய். பேச்சில் மேலூர் இழுப்பு இருந்தது அண்ணே. அந்த மேலூர்க்காரனை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அறைந்தால் உனக்கல்லவா வலிக்கும்?

காலை எடுத்தார்கள். அதற்குள் விஷம் மேலே ஏறிவிட்டது. நீ போய்விட்டாய்.

உன் சாவு வீட்டில் நடந்த கூத்தை உனக்குச் சொல்ல வேண்டும். உன் நண்பர்கள் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடித்தார்கள். டிசைன் போடுகிற பையன் என் சென்டர் கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறான். உன் படங்களிலேயே தெளிவாக, பெரிதாக இருந்தது அந்த ஒன்றுதான். அதையே போட்டுவிட்டான். மேலூர் ரோட்டில் தெரு முனையில் ஆள் உயரத்துக்கு நின்றாய், ஒட்டுமீசையும் துண்டுமாக, மரணத்தைத் தொட்டுப் பார்க்காத சிரிப்போடு. துஷ்டிக்கு வந்தவர்களில் பாதிப் பேர், ‘இந்தப் படம் யாரு, அவரு அண்ணனா' என்று கேட்டார்கள்.

பொடிக்காரர் பெரிய மாலையோடு காரில் வந்து இறங்கினார். ஃபிளெக்ஸைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். மாலையை உன் மேல் போட்டுவிட்டு நேராக உன் நண்பர்களிடம் போனார்.

“தம்பிகளா, வேற போட்டோ கெடைக்கலையா? இது சாருக்கு எடுப்பா இல்லையே.”

அன்று சாயங்காலமே அந்த ஃபிளெக்ஸ் காணாமல் போயிற்று. மறுநாள் அதே இடத்தில் அதைவிடப் பெரியதாக இன்னொன்று. உன் காலேஜ் காலத்துப் படம், ஒல்லியாக, மீசை அரும்பாமல், யாருக்கும் அடையாளம் தெரியாத மாதிரி. செலவு அவருடையது. உன் நண்பர்கள் நெகிழ்ந்து போனார்கள். “மனுசன்னா இவருதான்யா, வெளம்பரம் குடுத்த ஆளு வீட்டு ஆளு மாதிரி நின்னு செய்றாரு” என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அன்றைக்கே புரிந்தது. கருப்பையா செத்துப்போனது ஊருக்குத் தெரியக் கூடாது. உன்னைப் புதைத்தால் போதும்.

காரியம் முடிந்ததும் நம் பத்திரிகையில் அவர் விளம்பரத்தை நிறுத்தினேன். அவர் அதே பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் வேறு ஊர்ப் புத்தகங்களுக்குக் கொடுத்துவிட்டார். உன் முகம், உன் வாசகம், அதே நம்பர். நம்பர் நம் வீட்டில் இருக்கிறது. அண்ணி அந்தப் போனை அணைக்க விடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டு டிவி பக்கத்தில் வைப்பாள். மணி அடித்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

நான்தான் எடுப்பேன். “கருப்பையாண்ணே இருக்காரா?” என்று கேட்பார்கள். அவர் செத்துவிட்டார் என்றால், “அடப் பாவமே, வயல்ல ஏதும் பூச்சி பொட்டு கடிச்சிருச்சா?” என்று ஒருவர் கேட்டார். சர்க்கரையால் செத்தார் என்றேன். “அவருக்குத்தான் சரியாயிருச்சேம்மா” என்றார். என்னிடம் வாதம் செய்தார் அண்ணே. நீ அவரிடம் அம்புட்டு நன்றாகப் பேசியிருக்கிறாய். உன் கூடப் பிறந்தவள் சொல்வதைவிட உன் பொய் அவருக்குக் கெட்டியாக இருந்தது.

பொடிக்காரரைத் தேடி அவர் ஷெட்டுக்கே போனேன். மோர் கொடுத்தார். தொடவில்லை. உன் படத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

“படம் ஒங்க சென்டர்ல செஞ்சது. குடுத்தது ஒங்க அண்ணன். நான் திருடலையேம்மா.”

“அவன் செத்துட்டான்.”

“ரொம்ப வருத்தந்தான். ஆனா அதுல ஒங்க அண்ணன் பேரு எங்கயாச்சும் இருக்கா? கருப்பையான்னுதான் இருக்கு.” மெதுவாகச் சொன்னார். “கருப்பையாவுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா.”

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஆளை மனதுக்குள் நார்நாராகக் கிழித்தேன். கப்பலூர் தாண்டும்போது கோபம் உன் பக்கம் திரும்பிவிட்டது. அவர் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லையே. அவருக்கு ஒரு சாகாத மனிதனைச் செய்து கொடுத்துவிட்டுப் போனவன் நீ. பேச்சை நிறுத்தாத வாய், எழுத்தை நிறுத்தாத கை. எவனுக்கோ பொய் எழுதிக் கொடு, அது உன் பிழைப்பு. அதை ஏன் குடித்தாய்?

உண்மையை அச்சில் போடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். அதே படம், அதே பின் அட்டை. கீழே உன் உண்மையான பெயர், நீ ஊசியை நிறுத்தியதால் செத்துப்போன செய்தி. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அண்ணியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

“வேணாம் வசந்தி.”

“ஏன் அண்ணி?”

“மோர்ல கலந்து குடுத்தது யாருன்னு கேப்பாக. கட்டுனவளே குடுத்துக் கொன்னான்னு பேசுவாக. நாளைக்குக் கயலு கல்யாணத்துக்கு எவன் வாசல் மிதிப்பான்?”

உன் மகள் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளுடைய கல்யாணம் வரை அண்ணி யோசிக்கிறாள். நீ யோசித்தாயா? அண்ணியின் பயம் பொய்யில்லை, நம் சனம் பேசும். இன்னொரு பக்கம், ஃபிரிட்ஜ் கதவில் ஊசியை விட்டுவிட்டு மோர் குடிக்கிற யாரோ ஒருவர். அவருக்கு முகம் இல்லை. அண்ணிக்கு முகம் இருந்தது. அந்த மாதம் பின் அட்டையில் வேட்டி விளம்பரம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் ஓடி வருவதற்குள் நின்றுவிட்டது. அண்ணி எடுத்திருந்தாள். காதில் வைக்கத் தெம்பில்லாமல் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்திருந்தாள்.

“கருப்பையாண்ணே வீடுங்களா?”

“ம்.”

“நீங்க?”

“நான்... அவரு சம்சாரம்.”

“வணக்கம் அண்ணி. நான் உசிலம்பட்டிப் பக்கம். அண்ணன் சொல்லித்தான் ஊசிய விட்டேன். இப்பக் கால்ல ஒரு சின்னப் புண்ணு. வலியெல்லாம் இல்ல. பொடியக் கொழச்சு மேலயும் தடவலாமான்னு அண்ணன்கிட்டக் கேக்கணும்.”

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். போனை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

“ஒங்களுக்குக் காலைல பொடி கலந்து தாரது யாரு?”

“எம் பொண்டாட்டிதான்.”

“அவககிட்டப் போனக் குடுங்க.”

அவர் தயங்கினார். பிறகு யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஒரு பெண் குரல், யாருங்க என்றது.

“ஆத்தா, நானும் மோர்லதான் கலந்து குடுத்தேன்” என்றாள் அண்ணி. “எங்க வீட்டுக்காரருக்கும் வலி இல்ல. அவரு செத்துட்டாரு. அந்தப் படத்துல சிரிக்கிறவரு செத்துட்டாரு. புண்ணு சின்னதுன்னு பாக்காத, நேரத்தப் பாக்காத. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. வர மாட்டேன்னா கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போ. நான் இழுக்கல.”

அந்தப் பக்கம் டம்ளர் விழுந்த மாதிரி ஒரு சத்தம். போன் கட்டாகிவிட்டது.

அண்ணி எழுந்து போனைச் சார்ஜில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“எழுது வசந்தி. கலந்து குடுத்தது நான்தான்னும் எழுது.”

“அது எதுக்கு அண்ணி? அத விட்டுட்டே எழுதலாம்.”

“ஆம்பளைக்கு எழுதி என்ன பிரயோசனம்? ஒங்கண்ணன் ஆயிரந்தான் படிச்சாரு. கலந்து குடுக்குறவளுக்கு எழுது.”

கயலிடமும் கேட்டோம். “எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு தெரிஞ்சா ஓடிப்போற மாப்பிள்ள எனக்கு வேணாம்” என்றாள். உன் வாய் அவளுக்கு. நல்ல காரியத்துக்கு ஆகட்டும்.

உசிலம்பட்டிக்காரருக்கு ஒரு விரல் போயிற்று. ஆள் இருக்கிறார். அவர் மனைவி போன் செய்து அண்ணியிடம் வெகுநேரம் பேசினாள். உன்னால் போன விரல் அது என்று நான் சொல்கிறேன். மிச்ச விரல்கள் உன் நம்பரால்தான் தப்பித்தன என்று அண்ணி சொல்கிறாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டியவளுக்கு இரக்கம் இருக்கலாம், எனக்கு இல்லை.

நான் இப்படி எழுதப் போகிற செய்தி கசிந்துவிட்டது. தலைமுடி கிளினிக்கிலிருந்து கூப்பிட்டு, “வெளம்பரம் குடுத்தவரையே திட்டி எழுதுனா நாங்க எப்படிம்மா நம்பிக் குடுக்குறது?” என்று கேட்டார்கள். முடி முளைத்தால் உங்களை ஏன் திட்டப் போகிறேன் என்றேன். அவர்கள் அடுத்த மாதத்திலிருந்து இல்லை. பொடிக்காரர் வக்கீலை வைத்துப் பேசப் போவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். வரட்டும். எந்தப் பெயரில் வருவார் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. கருப்பையாவைக் கூட்டிக்கொண்டு வரட்டும், நானும் அண்ணனைப் பார்த்து வெகு நாளாயிற்று.

இதைச் சலூனில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் ஐயா, அண்ணாச்சி, மாப்ள, யாராக இருந்தாலும் சரி. உங்கள் பத்திரிகையில் ஒரு பொம்பளை இம்புட்டு நேரம் பேசியதற்குக் கோபப்பட வேண்டாம். இந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுபோய் வீட்டில் கொடுங்கள். சலூன்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன்.

அண்ணே, இனி உனக்கு ஒரே ஒரு வார்த்தை. நம் பத்திரிகை இருக்கும்வரை இந்தப் பின் அட்டையை விற்க மாட்டேன். மாதா மாதம் நீ இதில் வருவாய். அதே சிரிப்பு, அதே துண்டு. ஆனால் மீசையை எடுத்துவிட்டேன். கீழே சௌந்தரபாண்டி என்று இருக்கும், இறந்துவிட்டார் என்று இருக்கும். அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருப்பேன். எவன் கூப்பிட்டாலும் நானோ அண்ணியோ எடுப்போம், நீ எப்படிச் செத்தாய் என்று முதலிலிருந்து சொல்வோம். நீ அவர்களிடம் எத்தனை தடவை பிழைத்தாயோ அத்தனை தடவையும் உன்னைச் சாகடிப்போம்.

நீ போனதற்கு நான் இன்னும் அழவில்லை. உனக்குத் தெரியுமா அது? உன்னைப் பாடையில் தூக்கியபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், ஊர் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றது. எப்படி அழுவேன்? பாதி ஆள்தான் செத்திருக்கிறாய். மேலூர்க்காரன் இன்னும் உயிரோடு சிரித்துக்கொண்டு, எவன் வீட்டு மோரிலோ கலந்துகொண்டிருக்கிறான். அவனையும் கொன்று முடித்துவிட்டு வருகிறேன். அதற்குப் பிறகு உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, என் அண்ணனுக்காக வாய்விட்டு அழுவேன். இது சத்தியம்.

உன்னோடு பிறந்த பாவத்துக்கு உன்னைக் கடைசிவரை விடாத தங்கச்சி,
வசந்தி